தூக்கத்துக்கென்று வந்த மருந்து

பவானிபூர், கல்கத்தா
1913 அக்டோபர் 20

அக்காவுக்கு, காமு.

இவர் ஆபீஸுக்குக் கிளம்பும்போது, "உங்க அக்காவுக்கு இன்னிக்காவது ஒரு கடுதாசி போடு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் எழுதுகிறேன்.

நான் சௌக்கியம். வலிப்பு முன்னைவிடக் குறைவாக வருகிறது. டாக்டர் கொடுத்த உப்பு மருந்தைத் தண்ணீரில் கரைத்துச் சாப்பிடுகிறேன். அது வலிப்போடு மற்றதையும் நிறுத்திவிடுகிறது. வார்த்தை மறந்துபோகிறது. நேற்று கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, இதற்குப் பெயர் என்ன என்று நின்றேன். முகமெல்லாம் கட்டிகட்டியாகப் பரு. மாடியில் இருக்கும் வீட்டுக்காரரின் மனைவியை பௌதி என்று கூப்பிடுகிறேன். இங்கே மன்னியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். துர்க்கா பூஜைக்கு அவள் என்னை அழைத்துக்கொண்டு போனாள். தாக் என்கிற பெரிய மேளத்தை அடித்தார்கள், எல்லோரும் ஆடினார்கள். நான் பார்த்தேன். முடிந்ததும் வந்துவிட்டோம்.

ஜலஜாவின் தொடை ஆறிவிட்டதா? பங்குனியில் நான் அடுப்பங்கரையில் வலிப்பு வந்து விழுந்ததும், கஞ்சிப் பானை சாய்ந்து அவள்மேல் கொட்டியதும் இவர் சொல்லித்தான் தெரியும். நீ ஓடி வந்ததும், "நீ பெத்தவளா இருந்தாலும் இனிமே இந்தக் குழந்தை உன்கிட்ட இருக்கப்படாது" என்று சொல்லி அவளைத் தூக்கிக்கொண்டு மாயவரம் போனதும் ஞாபகம் இருக்கிறது. நான் சரி என்றேன். அழுதேனா என்று ஞாபகம் இல்லை. அழவில்லை என்கிறார் இவர்.

இப்போது வேறு ஒரு டாக்டர், சன்யால் என்று பெயர். ஜெர்மனியிலிருந்து லூமினால் என்று ஒரு மாத்திரை வருகிறதாம். தூக்கம் வராதவர்களுக்காகச் செய்தது. அந்த ஊர் டாக்டர் ஒருவர் அதை வலிப்புக்காரர்களுக்குத் தூங்குவதற்காகக் கொடுத்திருக்கிறார். தூங்கினதோடு வலிப்பும் நின்றதாம். எனக்குக் கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். சரி என்றேன். எது கேட்டாலும் எனக்குச் சரி என்றுதான் வருகிறது.

ஜலஜாவை விசாரித்ததாகச் சொல். என்ன விசாரித்தேன் என்று கேட்டால் நீயே ஏதாவது சொல்லிவிடு.

காமு

---

மாயவரம்
பிரமாதீச வருஷம், ஐப்பசி 14

காமுவுக்கு ஆசீர்வாதம் முதலில். சண்டை பிறகு.

இத்தனை மாதம் கழித்து உன் கையெழுத்தில் ஒரு கடிதம். அதையும் உன் அகத்துக்காரர் சொல்லித்தான் எழுதினேன் என்று முதல் வரியிலேயே போட்டிருக்கிறாய். ஆசைப்பட்டு எழுதினேன் என்று ஒரு பொய்யாவது எழுதக்கூடாதா? உன்னை நினைத்தால் வயிறு பற்றி எரிகிறது, உன் கடிதத்தைப் படித்தால் கோபம் வருகிறது. எதை முதலில் எழுதுவது என்று தெரியவில்லை.

ஜலஜா நன்றாக இருக்கிறாள். தொடை ஆறிவிட்டது. தழும்பு இருக்கும், பாவாடை மறைத்துவிடும். வாய் இருக்கிறதே, அது இந்தத் தெருவுக்கே காணும். அத்திம்பேரைப் பார்த்துக் கோர்ட்டே பயப்படுகிறது என்று அவருடைய குமாஸ்தா சொல்லிக்கொண்டு திரிவார். அந்த மனிதர் இவளிடம் பெட்டிப் பாம்பு. கேஸ் கட்டின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "இதை நான் தரமாட்டேன், போ" என்கிறாள். இவர் கட்சிக்காரனை வாசலில் நிற்க வைத்துவிட்டு அவளிடம் கெஞ்சுகிறார். காலையில் எழுந்ததிலிருந்து கத்தல், ஓட்டம், பிடிவாதம். ராத்திரி அவள் தூங்கினால்தான் இந்த வீட்டில் கடிகாரச் சத்தம் கேட்கும்.

மருந்து விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. ஏற்கெனவே தூங்குமூஞ்சியாக இருக்கிறவளுக்குத் தூக்க மருந்தா? ஒரு நோய்க்குச் செய்ததை இன்னொரு நோய்க்குக் கொடுத்தால் அதற்குப் பெயர் வைத்தியமா? ஆனால் நான் வேண்டாம் என்றால் மட்டும் யார் கேட்கப் போகிறீர்கள்.

எனக்குக் குழந்தை இல்லை, அதனால் உன் குழந்தையைப் பறித்துக்கொண்டேன் என்று உங்கள் பவானிபூர் மாமிகள் பேசுவது என் காதுக்கும் வந்தது. பேசட்டும். கட்டு மாற்றும்போது வெந்த தோல் துணியோடு ஒட்டிக்கொண்டு வர, அவள் போட்ட சத்தத்தை அந்த மாமிகளா கேட்டார்கள்? நான் ராக்ஷசி இல்லை, காமு. ஒரு வார்த்தை சொல்கிறேன், அத்திம்பேரைச் சாட்சியாக வைத்துக்கொண்டே எழுதுகிறேன். தை பிறந்ததிலிருந்து ஆடி முடிய உனக்கு ஒரு தடவைகூட வலிப்பு வராமல் இருக்கட்டும். நானே ரயிலேறி வந்து அவளை உன் மடியில் உட்காரவைக்கிறேன். வலிப்பு வந்தால், அவள் இங்கேதான். அதற்குப் பிறகு நீ கேட்கக்கூடாது.

உன் அக்கா
ராஜலக்ஷ்மி

---

பவானிபூர்
1914 ஜனவரி 9

அக்கா,

இந்தக் கடிதத்தை யாரும் சொல்லி எழுதவில்லை. இவர் எழுத வேண்டாம் என்றுகூடச் சொன்னார், நான் போடப்போகும் சண்டைக்குப் பயந்து.

மாத்திரை ஆரம்பித்த புதிதில் நீ சொன்னதுதான் நடந்தது. தூங்கித் தூங்கி விழுந்தேன், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். டாக்டர் அதைக் கொஞ்சம் குறைத்து, உப்பு மருந்தை மெல்ல மெல்ல நிறுத்தினார். ஒருநாள் காலையில் தெருவில் ஈச்ச வெல்லம் விற்கிறவன் கூவிக்கொண்டு போனான். என்ன கட்டைக் குரல் இவனுக்கு, காலங்கார்த்தாலே, என்று எரிச்சல் வந்தது. வந்த பிறகுதான் உறைத்தது, எனக்கு எரிச்சல் வந்திருக்கிறது! எத்தனை நாளாயிற்று தெரியுமா நான் ஒருவன்மேல் எரிச்சல்பட்டு? ஓடிப்போய் அவனிடமே வெல்லம் வாங்கினேன். பேரம் பேசினேன். பௌதி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "காமுவுக்கு வங்காளம் வருமா!" என்று வாயைப் பிளந்தாள். இத்தனை வருஷமாக என்னை ஊமை என்றே அவள் நினைத்திருக்கிறாள்.

ஆனால் எல்லாம் வெல்லமாக இல்லை. கார்த்திகைக்கு அகல் ஏற்றும்போது அழுகை வந்தது. நிற்கவேயில்லை. பௌதி இறங்கி வந்து, "கீ ஹொயேச்சே?" என்றாள், என்ன ஆச்சு என்று. என் குழந்தைக்குத் தொடை வெந்துபோய்விட்டது என்றேன். ஐயோ, எப்போது என்றாள். பங்குனியில் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அக்கா, எல்லோரும் அழுது முடித்து, புண் ஆறி, தழும்பான பிறகு எனக்கு இப்போதுதான் அது நடக்கிறது. உன்னிடம் அன்றைக்குச் சரி என்றேனே, அது நான் சொன்னது இல்லை. அந்த உப்பு சொன்னது.

டாக்டரிடம் இவர் உன் கேள்வியைக் கேட்டார். தூக்கத்துக்குச் செய்ததை வலிப்புக்குக் கொடுப்பது என்ன வைத்தியம் என்று. அவர் சிரித்துவிட்டு, உப்பு மருந்துகூட வலிப்புக்கென்று வந்ததில்லை, வேறு எதற்கோ கொடுத்துப் பார்த்ததில் இது தெரிந்தது என்றார். எங்கேயோ போகப் புறப்பட்ட வண்டி நம் வாசலில் நின்றால் ஏறிக்கொள்ள வேண்டியதுதானே? கார்த்திகை பிறந்ததிலிருந்து எனக்கு ஒரு தடவைகூட வரவில்லை.

இப்போது சண்டை. ஜலஜா உன்னை அம்மா என்று கூப்பிடுகிறாள் என்று அத்திம்பேர் இவருக்கு எழுதியிருக்கிறார். வெள்ளை மனசு அவருக்கு, சந்தோஷச் செய்தி என்று நினைத்து எழுதிவிட்டார். உன்னுடைய அத்தனை நீளக் கடிதத்தில் இதற்கு மட்டும் இடம் இல்லாமல் போயிற்றா? அவளிடம் என்னை யார் என்று சொல்லி வைத்திருக்கிறாய்? கல்கத்தாச் சித்தி என்றா?

ஆடி முடிய என்றாய். சரி, ஆடி முடிய. இது நானே சொல்லும் சரி.

காமு

---

மாயவரம்
பிரமாதீச வருஷம், தை 12

காமு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு யாரோடும் பேசாமல் இருந்தேன். "என்னடி, மௌன விரதமா?" என்று அத்திம்பேர் கேலி செய்தார். கடிதத்தை அவரிடம் கொடுத்தேன்.

அவளாகத்தான் கூப்பிட்டாள். எதிர்வீட்டுக் குழந்தைகள் கூப்பிடுவதைப் பார்த்து ஒருநாள் குளிக்கும்போது அம்மா என்றாள். நான் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டும். காதில் விழாத மாதிரி முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன், இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று. போதுமா? இப்போது ராஜிம்மா என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். உன் கல்யாணப் படத்தைக் காட்டி இதுதான் அம்மா என்றேன். "இவ பேசுவாளா?" என்று கேட்டாள். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள் என்றேன்.

நீ பழைய காமுவாகிவிட்டாய் என்று தெரிகிறது. கண் பட்டுவிடப் போகிறது என்று பயமாகவும் இருக்கிறது. போன மாதம் மாயூரநாதர் கோயிலில் உனக்காக வேண்டிக்கொண்டேன். வலிப்பு நின்றால் என் தங்கை இந்த மாசிச் சிவராத்திரிக்கு ஜலம்கூடக் குடிக்காமல் நாலு காலமும் கண்விழிப்பாள் என்று. நின்றுவிட்டது. நீ அதைச் செய்துவிடு. பவானிபூரில் மீனாக்ஷி மாமி வீட்டில் வருஷா வருஷம் பூஜை உண்டு என்று முன்பு ஒரு தடவை எழுதியிருக்கிறாயே, அங்கே போ.

ஒன்று சொல்கிறேன். அந்தத் தூக்க மாத்திரையை அன்றைக்குத் தொடாதே. அதற்கு முந்தின நாலைந்து நாளும் வேண்டாம், உடம்பில் தங்கியிருந்து கண்ணைச் செருகிவிடும். சிவராத்திரியன்று தூக்க மருந்து சாப்பிட்டுவிட்டு ஸ்வாமி முன்னால் தூங்கி வழிந்தாய் என்றால், வேண்டுதலும் போச்சு, மானமும் போச்சு. வலிப்புதான் நின்றுவிட்டதே. நாலைந்து ராத்திரி தூங்காவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

ராஜலக்ஷ்மி

---

பவானிபூர்
1914 மார்ச் 11

அக்காவுக்கு.

கையெழுத்து கோணலாக இருக்கும். வலது கை இன்னும் சரியாக வரவில்லை.

சிவராத்திரிக்கு முன்பே மாத்திரையை நிறுத்தினேன். நன்றாகத்தான் இருந்தது. தலை லேசாக இருந்தது. பூஜைக்குப் போனேன். நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். இரண்டாம் காலப் பூஜைவரை உட்கார்ந்திருந்தேன், வில்வம் எடுத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது. ஒன்று முடிவதற்குள் இன்னொன்று வந்ததாம். நினைவே திரும்பாமல் விடியும்வரை வந்துகொண்டே இருந்ததாம். பாதிப் பேர் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மீனாக்ஷி மாமி என் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

சன்யால் டாக்டர் வந்து ஊசி போட்டார். பிழைப்பேன் என்று அவருக்கே நிச்சயம் இல்லையாம். பிறகு இவரைத் திட்டினார். இந்த மருந்தைத் திடீரென்று ஒருநாளும் நிறுத்தக்கூடாது, பட்டினியும் கண்விழிப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம் என்றார். சிவராத்திரிக்குத் தூக்க மருந்து எதற்கு என்று நிறுத்தினோம் என்றார் இவர். இதைத் தூக்க மருந்து என்று யார் சொன்னது என்று அவர் கத்தினார். நீங்கள்தான் சொன்னீர்கள், டப்பாவிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது என்றார் இவர். டாக்டர் டப்பாவை வாங்கிப் பார்த்தார். பிறகு, "நான் சொல்லியிருக்க வேண்டும்" என்றார்.

இதை உனக்கு எழுத வேண்டாம் என்றார் இவர். "மாயவரத்துக்கு எப்படித் தெரியும்? நாம சொன்னாத்தானே" என்றார். நானும் யோசித்தேன். எழுதாவிட்டால் ஆடி முடிந்ததும் ஜலஜா வந்துவிடுவாள். ஆனால் உன்னை ஏமாற்றி வாங்கின குழந்தையை வைத்துக்கொண்டு அந்த அடுப்பங்கரையில் நிற்க எனக்குப் பயம். தெரிந்துகொண்டு கொடு, இல்லாவிட்டால் கொடுக்காதே.

உன்மேல் தப்பு என்று நான் சொல்லவில்லை. மாத்திரை மறுபடி சாப்பிடுகிறேன். தூக்கம் வருகிறது.

காமு

---

மாயவரம்
பிரமாதீச வருஷம், பங்குனி 7

காமு,

ஆசீர்வாதம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. என் ஆசீர்வாதத்தின் லக்ஷணம்தான் தெரிந்துவிட்டதே.

நான் உனக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். அத்திம்பேரிடம்கூடச் சொல்லவில்லை. உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்கு வந்தது பயம் இல்லை. நீ செத்துப் பிழைத்திருக்கிறாய் என்பது பிறகுதான் மண்டையில் ஏறிற்று. முதலில் வந்தது, அப்பாடா, ஜலஜா போக வேண்டாம் என்ற நிம்மதி. ஒரு கணம்தான். ஆனால் வந்தது. உன் உடன்பிறந்தவள், இருக்கிற தெய்வத்தையெல்லாம் உனக்காக வேண்டிக்கொண்டவள், எனக்கு வந்தது. அதற்குப் பிறகு உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொள்ளவே கூசுகிறது.

நீ மறைத்திருக்கலாம். நான் உன் இடத்தில் இருந்தால் மறைத்திருப்பேன்.

ஆடிக் கணக்கு எல்லாம் இனி வேண்டாம். வலிப்பு வந்தாலும் வராவிட்டாலும் ஆவணி அவிட்டம் முடிந்ததும் அவளைக் கொண்டுவந்து விடுகிறேன். இப்போதே வரலாமே என்பாய். வைகாசியில் அத்திம்பேரின் தங்கை பெண்ணுக்குக் கல்யாணம், அது ஒரு சாக்கு. நிஜக் காரணம், அவள் இல்லாமல் இருக்க நான் பழகிக்கொள்ள வேண்டும். அதுவரை எனக்கு விடு. சமையலுக்கு ஒரு ஆளைப் போட்டுக்கொள். நீ அடுப்புப் பக்கம் போகாதே.

மாத்திரையை மட்டும் நிறுத்தாதே. எந்த ஸ்வாமிக்காகவும் நிறுத்தாதே.

ராஜலக்ஷ்மி

---

பவானிபூர்
1914 ஆகஸ்ட் 24

அக்கா,

ஆவணி அவிட்டம்வரை காத்திருக்காதே. இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே கிளம்பு. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, அதற்காக இல்லை. சிவராத்திரிக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

யுத்தம் வந்துவிட்டதே. எனக்கு அது யாரோ ராஜாக்களின் சண்டை என்றுதான் இருந்தது. போன வாரம் இவர் மாத்திரை வாங்கப் போனார். கடைக்காரர் கையை விரித்துவிட்டார். அது ஜெர்மன் சரக்கு, இனி வராது, இருந்ததையும் முதல் வாரமே யாரோ மொத்தமாக வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார். இவர் தர்மதலாவில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கினார். கார்டன் ரீச் பக்கம் கப்பல் கம்பெனியில் வேலை செய்யும் நடராஜனிடம்கூடக் கேட்டுப் பார்த்தார், ஏதாவது கப்பலில் கிடக்குமா என்று. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் வேறு எங்கே போய்க் கேட்பது? ஆபீஸ் உடுப்பு நனைய மழையில் வந்து நின்றார். எனக்கு அவரைப் பார்த்து அழுகை வந்துவிட்டது. பாவம், இந்த மனிதருக்கு நான் என்ன சுகத்தைக் கொடுத்தேன்?

டாக்டர் தன்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டார். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்து, கூடவே உப்பு மருந்தை ஆரம்பிக்க வேண்டுமாம். சட்டென்று நின்றால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியுமே. புரட்டாசி தாண்டினால் நான் முழுக்க உப்பில் இருப்பேன்.

அந்த உப்பு என்னை என்ன செய்யும் என்று உனக்குத் தெரியும். ஒன்றும் செய்யாது. அதுதான் பயம். அக்கா, எனக்கு இப்போது அவளைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். கட்டிக்கொள்வேன், கத்துவேன், அவள் கேஸ் கட்டின்மேல் உட்கார்ந்தால் நானும் கூட உட்காருவேன். அவள் வரும்போது இந்தக் காமுதான் வாசலில் நிற்க வேண்டும். என்னை இப்படி ஒரு தடவை அவள் பார்த்துவிட்டால், பிறகு நான் மரமாகப் போனாலும் அவளுக்கு இது ஞாபகம் இருக்கும். உன் காலில் விழுகிறேன். சீக்கிரம் வா.

காமு

---

மாயவரம்
ஆனந்த வருஷம், புரட்டாசி 16

காமு,

உன் கடிதம் வந்தபோது ஜலஜாவுக்குப் பொன்னுக்கு வீங்கி. கழுத்து இரண்டு பக்கமும் வீங்கி, ஜுரம். அது வடிந்ததும் கிளம்பினோம். சாக்கு இல்லை, நிஜம். நீ நம்பாவிட்டால் அத்திம்பேரைக் கேள்.

மதராஸ்வரை வந்தோம். மறுநாள் ஹௌரா மெயிலுக்கு டிக்கெட் கையில் இருந்தது. அன்று ராத்திரிதான் கடலிலிருந்து ஜெர்மன் கப்பல் குண்டு போட்டது. எண்ணெய்க் கிடங்கு எரிந்த வெளிச்சத்தில் தங்கியிருந்த வீட்டுச் சுவரெல்லாம் சிவப்பாக இருந்தது. விடிந்ததும் ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. கல்கத்தாவுக்கும் அந்தக் கப்பல் வரும் என்றார்கள். அத்திம்பேர் ஒரே பிடியாகத் திரும்பி அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். நான் ரயிலில் அவரோடு சண்டை போட்டேனா என்றால், போடவில்லை. குழந்தை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள்.

கார்த்திகையில் கொண்டுவருகிறேன். இனி யார் தடுத்தாலும் நிற்கமாட்டேன். உன் கண்ணுக்கு எதிரே அவளை நிறுத்த வேண்டிய நாள் தாண்டிப்போய்விட்டது என்று எனக்குத் தெரிகிறது.

ராஜலக்ஷ்மி

---

பவானிபூர்
1915 ஜனவரி 18

அக்காவுக்கு, காமு.

நீ ஜலஜாவை விட்டுவிட்டுப் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. உடனே எழுதியிருக்க வேண்டும். ஞாபகம் இல்லை.

எனக்கு மார்கழியில் ஒரு தடவை வந்தது. கட்டிலில் இருக்கும்போதுதான். டாக்டர் உப்பைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறார். சமையலுக்கு ஆள் வருகிறாள். நான் அடுப்புப் பக்கம் போவதில்லை.

ஜலஜா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஹௌராவில் நீ ரயிலேறியதும் அவள் அழுதாள், ஜன்னலில் நீ அழுதாய். நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். வந்த புதிதில் தினமும், "ராஜிம்மா எப்போ வருவா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். இப்போது கேட்பதில்லை.

அவள் கத்துவதில்லை, அக்கா. ஓடுவதும் இல்லை. எது கொடுத்தாலும் வேண்டாம் என்பதில்லை. தலை பின்னினால் அசையாமல் உட்காருகிறாள். பௌதி வந்து கன்னத்தைத் தட்டி, "கீ லொக்கி மேயே" என்கிறாள். லக்ஷ்மி மாதிரி எவ்வளவு சமர்த்துப் பெண் என்று அர்த்தம். தெருவில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நீ எழுதின ஜலஜாவை நான் இன்னும் பார்க்கவில்லை.

மடியில் வந்து உட்காருகிறாள். நான் பிடித்துக்கொள்கிறேன். பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தெரிகிறது, அதனால் பிடித்துக்கொள்கிறேன். ஒருநாள், "நீ சிரிம்மா" என்றாள். சிரித்தேன். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "போறும்" என்றாள்.

போன வாரம் நீ வாங்கிக்கொடுத்த மண் பொம்மை கையிலிருந்து விழுந்து உடைந்தது. அழப்போகிறாள் என்று பார்த்தேன். அவள் வாயைத் திறந்துகொண்டு என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தில் ஒன்றும் இல்லை. அவளும் வாயை மூடிக்கொண்டாள். துண்டுகளைப் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டு, சுவரோரம் போய் உட்கார்ந்தாள். உப்பு மருந்தை நான்தானே சாப்பிடுகிறேன், அக்கா. அவள் இல்லையே.

அதனால் தை முடிவதற்குள் நீ வந்து அவளை அழைத்துக்கொண்டு போ.

இவரிடம் சொன்னேன். "என்னடி பேசறே, கேட்டுக் கேட்டு வாங்கின குழந்தைடி" என்றார். பிறகு ஜலஜா தனியாகச் சாப்பிட்டுவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டுபோய் வைப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அப்புறம், "எழுது" என்றார். அழுதார் என்று நினைக்கிறேன். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

இந்தத் தடவையும் உனக்கு முதலில் நிம்மதி வந்தால் வரட்டும். கூச வேண்டாம். உன்னை அவள் அம்மா என்று கூப்பிட்டால் திருத்தாதே. படத்தைக் காட்டிக் குழப்பவும் வேண்டாம்.

யுத்தம் சித்திரைக்குள் முடிந்துவிடும் என்று ஆபீஸில் பேசிக்கொள்கிறார்களாம். முடிந்ததும் கப்பல் வரும், மாத்திரை வரும் என்கிறார் டாக்டர். வந்தால் இப்போது உறைக்காததெல்லாம் எனக்கு ஒன்றாக நடக்கும். அப்போது மாயவரத்துக்கு வந்து, என் குழந்தையைக் கொடு என்று உன் வாசலில் நின்று கத்துவேன். நீதானே அழைத்துப்போகச் சொன்னாய் என்று அப்போது என்னிடம் சொல்லாதே. கதவைத் திறந்துவிடு.

அந்த மாத்திரை சாப்பிடுகிற காமுவால் இந்தக் கடிதத்தை எழுத முடியாது. எழுத உட்கார்ந்தாலும் கிழித்துப் போட்டுவிடுவாள். இப்போது எனக்குக் கை நடுங்கவில்லை, கண்ணும் மறைக்கவில்லை. எழுத முடிகிறபோதே எழுதி, இன்றே தபாலில் சேர்த்துவிடுகிறேன்.

காமு